சுருள் கூந்தலைப் பேணும் முறை
(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்த விஷயம் கேச பராமரிப்பு என்பது. நமது சங்கக் கூட்டங்களில் கல்வி நிதியைப் பற்றியும் கல்யாணச் செலவைப் பற்றியும் பேசுவது வழக்கமேயன்றி, மயிரைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று. இதற்கும் ஒரு பிரசங்கமா என்று பின்வரிசையில் சிலர் புன்னகை புரிவதையும் காண்கிறேன். ஆயினும் இவ்விஷயத்தில் நம் பெண்மக்களின் பணமும், மனமும், தேகாரோக்கியமும் ஒருங்கே செலவாகி வருகின்றமையால் இதனைச் சிறிதென்று தள்ளுதல் தகாது.

நம் வீடுகள் பலவற்றில் இயற்கையாகவே சுருண்ட மயிர் அமைந்த பெண்கள் இருக்கின்றனர். அவர்களிற் பலர் பதினாறு பதினேழு வயது வருமுன்னரே அதனை ஒரு குறையாக எண்ணத் தலைப்படுகின்றனர். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், "பெண் லட்சணந்தான், முடிதான் சுருட்டையாயிருக்கிறது" என்று சொல்லிப் போன வீட்டை நான் அறிவேன். அடுத்த மாதமே அப்பெண் அழகு நிலையத்திற்குச் சென்று பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மயிரை நீட்டிக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்தில் வேரிலிருந்து மீண்டும் சுருள் முளைத்தது. நுனியோ துடைப்பக் குச்சி போல் ஒடியலாயிற்று. மறுபடியும் பணம், மறுபடியும் மருந்து.

சுருண்ட மயிரைக் குறையென்று நம் முன்னோர் கருதினார்களா? தமிழில் பெண்டிர் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயருண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்னும் ஐவகையாக முடிக்கப்படுதலால் அப்பெயர் வந்ததென்பர் உரையாசிரியர். அவ்வைந்தில் சுருளும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். பழம்புலவர் அழகிய கூந்தலுக்கு உவமை தேடியபோது, நீர் வடிந்தபின் கருமணலில் வரிவரியாய்ப் படியும் அறலைக் கண்டே மகிழ்ந்தனர். அலை ஒதுங்கிய கரையில் அந்த வரிகளை மிதித்து வளர்ந்த நமக்கு அவ்வுவமையின் பொருளை வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா இல்லையா என்று பாண்டியன் சபையில் தெய்வத்தோடு வாதிட்டதாகக் கதை கட்டிய நாடு இது. கூந்தல் நேராக இருக்கவேண்டுமா என்று மட்டும் அங்கே யாரும் வாதிட்டதாகத் தெரியவில்லை!

நிற்க. சுருளின் காரணம் யாதெனில், தோலுக்குள் மயிர் முளைக்கும் குழியின் வடிவமே. குழி நேராயிருப்பின் மயிர் நேராக வளரும். வளைந்திருப்பின் சுருண்டு வளரும். நேர்மயிரைக் குறுக்கே அறுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் ஏறக்குறைய வட்டமாகவும், சுருள்மயிரை நோக்கினால் சற்றுத் தட்டையாகவும் காணப்படும். எல்லா மயிரும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனதுதான். அதன்மேல் மீன் செதிள் போன்ற மெல்லிய தகடுகள் ஒன்றின்மேலொன்று படிந்து காவல் செய்கின்றன. தலைத்தோலில் ஊறும் நெய்ப்பசை நேர்மயிரில் எளிதாக நுனிவரை இறங்கிவிடும். சுருள்மயிரிலோ ஒவ்வொரு வளைவிலும் அது தடைப்பட்டு வேரருகிலேயே நின்றுவிடுகிறது. ஆதலின் சுருள் கூந்தல் இயல்பாகவே வறண்டது. வளைவுகளில் எளிதில் முறிவது. நேர்மயிர்க்காரர் செய்வதையெல்லாம் சுருள்மயிர்க்காரரும் அப்படியே செய்தால் கேடு வருவதன் காரணம் இதுவே.

இத்துடன் நமது ஊரின் இயல்பையும் சேர்த்து எண்ணவேண்டும். தூத்துக்குடி மழை குறைந்த பூமி. ஆனி ஆடியில் வீசும் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு புழுதியை வாரித் தலையில் இறைக்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் மிகுந்தவுடன் வறண்ட மயிர் அதனை உறிஞ்சிச் சிலும்பி எழும். கடற்காற்றில் உப்புண்டு, உப்பளங்களில் வேலை செய்யும் நம் சகோதரிகளின் தலையில் அவ்வுப்பு நாள் முழுவதும் படிகிறது. சலாபக் காலத்தில் முத்துப்பாரில் மூழ்கிய நம் முன்னோரும் இதே உப்போடுதான் வாழ்ந்தார்கள். 1961-ஆம் ஆண்டுடன் சலாபம் நின்றுபோயிற்றாயினும் சங்குகுளிப்போர் இன்றும் இருக்கின்றனர். உப்புநீர் மயிரிலேயே உலர்ந்தால் அது மயிரினுள் இருக்கும் ஈரத்தை வெளியே இழுத்துவிடும். கடலிலிருந்தோ உப்பளத்திலிருந்தோ வந்தவுடன், சோப்பு ஷாம்பூ ஒன்றுமில்லாமல், நல்ல தண்ணீரை மட்டும் தலையில் ஊற்றி அலசிவிடுதல் வேண்டும். நாள்தோறும் இதைச் செய்யலாம். நாள்தோறும் ஷாம்பூ போடலாகாது.

நல்ல தண்ணீர் என்றேன். இவ்வூருக்கு அஃது எளிதில் வந்த பொருளன்று. நகரசபைத் தலைவராயிருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் பெருமுயற்சி செய்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1927-ஆம் ஆண்டில் ஊருக்குக் கொணர்ந்தார்கள். அதற்கு முன் நம் பாட்டிமார் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றும் குழாய்நீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிக்கிறோம். அந்நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுதி. அதில் சோப்பைத் தேய்த்தால் நுரை எழாமல் வெண்மையான பிசுக்கு உண்டாகும். அப்பிசுக்கு மயிரில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு நீர் ஊற்றினும் போவதில்லை. சுருள்களின் இடையே அது தங்கிவிட்டால் மயிர் கயிறு போலாகிவிடும். ஆகவே தலைக்குச் சோப்பு போடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கடைசியாக அலசுவதற்கு மாத்திரமாவது இரண்டு செம்பு குழாய்நீரோ மழைநீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பூ என்னும் சொல் சீமைச் சொல் என்று எண்ணுவோர் பலர். அது தலையைப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் ஹிந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவைச் சேர்ந்த தீன் முகம்மது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து, 1822-ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பிற்காலத்தில் தலை கழுவும் திரவத்திற்கு அப்பெயர் வந்தது. ஏழை வீடுகளுக்கு அது வந்த வழியோ நம் தமிழ்நாட்டின் வழி. கடலூர் சின்னிகிருஷ்ணன் அவர்கள் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கும் முறையைத் தொடங்க, அவர் புதல்வர் ரங்கநாதன் அவர்கள் 1983-ஆம் ஆண்டில் சிக் என்னும் பெயரால் அதனை மேலும் பரப்பினார். பொட்டலம் மலிவாகவே, வாரம் இருமுறை எண்ணெய் முழுக்காடிய வீடுகளில் தினந்தோறும் ஷாம்பூ என்னும் பழக்கம் நுழைந்தது. ஷாம்பூ தீயதென்று நான் சொல்லவில்லை. உவர்நீரிலும் அது பிசுக்காவதில்லை. ஆனால் இயற்கை நெய்ப்பசையை முற்றும் துடைத்துவிடும். சுருள்மயிருக்கு வாரத்திற்கு ஒருமுறை அல்லது இருமுறை போதும். அதுவும் தலைத்தோலில் தேய்த்தால் போதும், நுனியில் தேய்க்க வேண்டுவதில்லை.

சீயக்காய் தேய்ப்போர் அதனை நீரில் குழைக்காமல் வடிகஞ்சியில் கரைத்துத் தேய்க்க வேண்டும். நம் வீட்டுக் கிழவிகள் அப்படித்தான் செய்தார்கள். கஞ்சி மயிரின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கைக் குறைக்கும். சீயக்காய்ப்பொடி திப்பியாக இருந்தால் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். துணியில் வடிகட்டுதல் நன்று. செம்பருத்தி இலையை அரைத்த குழம்பும், ஊறவைத்த வெந்தயமும், தேரிக்காட்டில் யாரும் விதையாமல் விளையும் கற்றாழையின் சோறும் வழுவழுப்பினால் சிக்கை நீக்குவன. அவற்றால் மயிர் முழங்கால்வரை வளரும் என்று சொல்வோரை நம்பவேண்டாம். மயிர் மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும்; முறியாமல் காப்பதே நம் வேலை.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். 2003-ஆம் ஆண்டில் நம் தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் மயிரில் தடவிச் சோதித்தனர். கழுவும்போது மயிரிலிருந்து புரதம் கரைந்துபோவதைத் தேங்காயெண்ணெய் ஒன்றே குறைத்தது. அதன் அணுத்திரள் சிறியதாகவும் நேரானதாகவும் இருப்பதால் மயிருக்குள் புகுகின்றது. மற்றவை மேலேயே நிற்கின்றன. ஆகையால் கடையில் வாங்கும் வாசனைத் தைலத்தின் சீட்டைப் படியுங்கள். மினரல் ஆயில், லிக்விட் பாரஃபின் என்றெல்லாம் எழுதியிருந்தால் அது பளபளப்புக்கு உதவுமேயன்றிப் புரதம் கரைந்துபோவதைக் குறைக்காது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, சிறிதளவு தேங்காயெண்ணெயை நுனியிலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிடலாகாது. பொடுகோடு தொடர்புடைய நுண்கிருமி அந்நெய்யை உண்டே பெருகுகிறது.

இனி, சீப்பு. உலர்ந்த சுருளைச் சீப்பால் இழுப்பது போன்ற கேடு வேறொன்றில்லை. மயிர் ஈரமாய் வழுவழுப்பாய் இருக்கும்போது, முதலில் விரல்களாலும் பின்னர் அகன்ற பற்களுள்ள மரச்சீப்பாலும், நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுக்க வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் குழந்தை அழும், மயிரும் அறும். பேன்சீப்பு பேனுக்கு மட்டுமே உரியது. குளித்தபின் முரட்டுத் துண்டால் அடித்துத் துவட்டாமல், பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துத் தானே உலரவிட்டால் சுருள் தன் வடிவில் நிற்கும்.

பள்ளிச் சிறுமிகளின் இரட்டைச் சடையைப் பற்றி ஒரு வார்த்தை. சுருள்மயிரை நெற்றி தெறிக்க இறுக்கி மடித்து நாடாவால் கட்டி, பத்து வருஷம் அவ்வாறே பள்ளிக்கு அனுப்பினால், நெற்றியோரத்திலும் காதுப்புறத்திலும் மயிர் உதிர்ந்து மேலேறும். தொடக்கத்தில் தளர்த்தினால் மீண்டும் முளைக்கும். நெடுங்காலம் சென்றால் மயிர்க்குழி அவிந்துபோம், பின்னர் முளைப்பதில்லை. நம் சங்கத்தவரில் சிலர் பள்ளிக்கூட நிர்வாகக் குழுக்களில் இருக்கிறீர்கள். சடை ஒன்றோ இரண்டோ, தளர்த்திப் பின்னி வரும் பிள்ளைகளை ஆசிரியைகள் வாசலில் நிறுத்தாதபடி ஒரு விதி செய்துவைத்தால் பெரும் உபகாரமாகும்.

கடைசியாக, மயிரை நீட்டும் மருந்துகள். தாய்மார்களே, இதனைச் செவிகொடுத்துக் கேளுங்கள். ஸ்மூத்தனிங் என்றும் கெரட்டின் சிகிச்சை என்றும் சொல்லிப் பூசும் திரவங்கள் சிலவற்றைச் சூட்டுக்கோலால் காய்ச்சும்போது பார்மால்டிஹைடு என்னும் புகை எழுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ஆம் ஆண்டில் அதனை வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,497 பெண்களைச் சுமார் 11 வருஷம் தொடர்ந்து கவனித்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீட்டும் மருந்தை ஒருபோதும் தொடாதவர்களில் 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவோர் நூற்றுக்கு 1.64 என்றும், அடிக்கடி உபயோகிப்போரில் 4.05 என்றும் கணக்கிட்டனர். மருந்தே காரணமென்று இதனால் முடிவாக நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் அஞ்சுவதற்கு இடமுண்டு. பார்மால்டிஹைடு இல்லை என்று விளம்பரம் செய்யும் மருந்துகளிலும் கிளையாக்ஸிலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அப்படிப்பட்ட பூச்சுக்குப்பின் 26 வயதுப் பெண்ணொருத்திக்கு மும்முறை சிறுநீரகம் பழுதுற்ற செய்தியை 2024-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் அழகு நிலையத்திற்குச் சென்று வந்த பின்னரே நோய் கண்டிருந்தது.

கல்யாணம் நிச்சயமான பெண்ணை, முகூர்த்தத்திற்கு முன் மயிரை நீட்டிக்கொள் என்று வற்புறுத்தும் மாமியார்மாரும் இச்சபையில் இருக்கக்கூடும். நாத்தனார்மாரும் இருக்கக்கூடும்! அவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே. பெண் பார்க்கும் வீட்டில் கூந்தலைப் பற்றி வாய் திறக்காதிருங்கள். திறந்தே ஆகவேண்டுமெனில், எந்த எண்ணெய் தேய்க்கிறாய் அம்மா என்று கேளுங்கள். உப்பள வேலைக்குச் செல்லும் சகோதரிகள் தலையை மூடிக் கட்டிக்கொள்ள எந்தத் துணி நல்லது என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் சீட்டெழுதி அனுப்பியிருக்கிறார்கள். வெயிலுக்கும் உப்புக்கும் மெல்லிய பருத்தித் துணியே ஏற்றது. கட்டுமுன் நுனியில் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் அத்துணியையும் நல்ல நீரில் அலசிப் போடுங்கள். உப்பேறிய துணியையே மறுநாளும் கட்டினால் கட்டியதன் பயன் பாதி போய்விடும்.