தனித் என்னும் தெய்வப் பெயர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



வட ஆபிரிக்கக் கரையிலே, இன்றைய துனீசியாவில், பண்டு கார்த்தேஜ் என்னும் மாநகர் விளங்கிற்று. பினீசிய நாட்டுத் தீரு நகரத்தார் கடல் கடந்து சென்று நிறுவிய நகரம் அது. கி. மு. 146இல் உரோமர் அதனை அழித்தனர். அந்நகர மக்கள் பாகால் ஹம்மோன் என்னும் தேவனோடு சேர்த்து வழிபட்ட பெருந்தேவி தனித் என்பாள். பாகாலின் முகம் என்னும் சிறப்புப் பெயரோடு அவள் பெயர் ஆயிரக்கணக்கான நேர்த்திக்கடன் கற்களிலே பொறிக்கப்பட்டுள்ளது.

இப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் சிலர், "இது நமது 'தனி' என்னும் சொல்லே, ஒப்பின்றித் தனித்து நிற்பவள் தனித்" என்று கூறி மகிழ்தல் கூடும். அவ்வாறு மகிழுமுன் கல்லைப் பார்த்தல் வேண்டும்.

பினீசியரின் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 22. அவை யாவும் மெய்யே, உயிரெழுத்து இல்லை. ஆகவே கல்லில் உள்ளவை த், ன், த் என்னும் மூன்று மெய்களே. இடையில் நின்ற உயிர்கள் வாசிப்பவர் நாவில் இருந்தன. அந்த நாக்கள் ஓய்ந்தபின் அவையும் மறைந்தன. 'தனித்' என்பது பிற்கால அறிஞர் தம் வசதிக்காக உயிரூட்டிக்கொண்ட வடிவம்.

அல்ஜீரியாவிலுள்ள கொன்ஸ்தந்தீன் நகரிலே, அம்மொழியைக் கிரேக்க எழுத்தில் பொறித்த கற்கள் கிடைத்தன. கிரேக்கத்தில் உயிரெழுத்து உண்டு. அவற்றுள் ஒரு கல் 'தினித்' என்கிறது. மற்றொரு கல் 'தென்னித்' என்கிறது. முதல் மெய்யின்மேல் ஏறி நிற்பன இகரமும் எகரமுமே, அகரம் அன்று. நமது 'தனி' அங்கேயே வீழ்ந்துவிடுகிறது. இனித் 'தென்' என்று புறப்படவும் வேண்டாம்!

ஒலியை நம்பி இடறியவர் பிறரும் உளர். வட ஆபிரிக்காவின் பேர்பர் மொழிகளிலே பெண்பாற் பெயர்கள் பெரும்பாலும் தகர ஒலியில் தொடங்கித் தகர ஒலியிலேயே முடியும். ஆகலின் தேவி அம்மண்ணுக்கே உரியவள் என்று சிலர் கொண்டனர். 1969 முதல் 1974 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் லெபனானில், சீதோனுக்கும் தீருவுக்கும் இடையிலுள்ள சாரெப்தாவை அகழ்ந்தனர். அங்கே ஒரு சிறு தந்தத் தகடு வெளிப்பட்டது. 'தனித் அஸ்தார்த்தே' என்னும் தேவிக்குச் சிலை செய்தளித்த செய்தியை அது கூறுகிறது. காலம் கி. மு. 7ஆம் நூற்றாண்டளவு. அப்பெயர் பினீசியரின் தாயகத்திலேயே வழங்கியது என்பது ஒரு தகட்டினால் விளங்கிற்று.

பொருள் யாது? பாம்பைக் குறிக்கும் 'தன்னின்' என்னும் செமித்தியச் சொல்லோடு அதனை இணைத்தார் பிராங்க் மூர் குரொஸ் என்னும் அமெரிக்க அறிஞர். புலம்பலைக் குறிக்கும் வினையடியிலிருந்து கொண்டு, 'புலம்புபவள்' என்றனர் வேறு சிலர். அறிஞரிடையே முடிபு ஏற்படவில்லை. முடியாததை முடிந்ததென உரையாமையும் அறிவுக்கு அழகே.

இளைஞர்களே! தமிழின் தொன்மையை நிறுவப் பிறர் தேவியரை நாம் இரவல் கேட்கவேண்டியதில்லை. ஒலி ஒத்தால் உறவு என்று மேடைதோறும் முழங்குவோர், மெய்யான உறவொன்றைக் கண்டு சொல்லும் நாளிலும் நம்பப்படார். அந்த இழப்பு அவருக்கு மட்டுமன்று, தமிழுக்கும் உரியது. ஆதலின் சான்று கேளுங்கள், கல்லைப் படியுங்கள், பின்பு பேசுங்கள்.