நோயோடு வரும் மனப்பாரம்
(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புற்றுநோய் என்றதும் நம் லயங்களில் குரல் தாழ்ந்துவிடுகிறது. "அந்த வருத்தம்" என்கிறோம். நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பீங்கான் வைக்கிறோம். இது தொட்டால் ஒட்டும் நோயல்ல. பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் தள்ளி இருந்தால் போதும். மருந்து ஏற்றும் காலத்தில் நோயாளிக்குத்தான் தொற்று எளிதில் வரும்.

"கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டாள்" என்றும் பேசுகிறோம். கவலையால் புற்றுநோய் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் கவலை தூக்கத்தைக் கெடுக்கும், சாப்பாட்டைக் குறைக்கும், கிளினிக்குக்குப் போகும் மனதையே பறித்துவிடும்.

நம் கவலையில் பாதி நோயைப் பற்றியதல்ல, பேரைப் பற்றியது. மஹரகமைக்குப் போய்வந்தால் நமக்கும் பேர் இல்லை, துணைக்கு வருபவருக்கும் பேர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பஸ்ஸும் சாப்பாடும் இலவசமல்ல. வட்டிக்குக் கடன் வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள். பத்து வருடத்துக்குக் குறையாமல் ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க விண்ணப்பிக்கலாம். அது நம் உழைப்புக் காசு.

அடுத்தது பாஷை. டொக்டர் சிங்களத்தில் சொல்கிறார், நாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். பிறகு "என்ன சொன்னாரோ" என்று இரவெல்லாம் முழிப்பு. ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். கேட்க வேண்டியதை முதல் நாளே எழுதி, சிங்களம் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள். பதிலையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மருந்து ஏற்றிய பின் வரும் களைப்பு சோம்பேறித்தனம் அல்ல. தண்ணீர் தூக்குவது, விறகு கொண்டுவருவது, இவற்றைப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் முறை வைத்துச் செய்யலாம். நோயாளி அழுதால் "அழாதே" என்று அடக்க வேண்டாம். அழுது முடியும்வரை கூட இருங்கள். பெண்களாவது அழுது தீர்க்கிறோம், ஆண்கள் தவறணைக்குப் போகிறார்கள். வாய்ப் புற்றுநோய் வந்தவருக்குச் சாராயமும் வெற்றிலை பாக்கும் இன்னும் கேடு.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

சேமலாப நிதி விண்ணப்பம் நிரப்ப வேண்டியவர்கள் அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் தோட்டத் தலைவியிடம் சொல்லி அனுப்பினால் நாங்கள் லயத்துக்கே வருகிறோம்.