கரை நாடா பிடித்த கை



பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், யாருடைய பெயர் குடவோலையில் எழுதப்படலாம் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் இந்த உத்திரமேரூர். இங்கே நின்று, எழுதப்படாமலே போன ஒரு பெயரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

என் பாட்டி நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர். யாரும் அவரை நெசவாளி என்று சொன்னதில்லை. குழித்தறியில் தாத்தா கால் விட்டு மிதி மிதிப்பார். பாட்டி வலப்பக்கம் பலகையில் உட்கார்ந்து கரை நாடாவை, அதாவது கரைக்கான ஊடை இழையைக் கொண்டோடும் ஓடத்தை, வாங்கிக் கொடுப்பார். கூலி தாத்தாவின் பெயரில் வரும்.

காஞ்சிப் பட்டின் உயிர், உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வையில் இருக்கிறது. உடல் அரக்கு, கரை பச்சை என்றால் ஊடைக்கு மூன்று நாடா வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. அரக்கு இழை கரைக்குள் போகக்கூடாது, பச்சை இழை உடலுக்குள் வரக்கூடாது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துத் திரும்ப வேண்டும். சேலை முழுக்க, ஒவ்வோர் ஓட்டத்திலும் இதுதான் வேலை. ஒருமுறை பிடி விட்டால் அந்த இடத்தில் உடலும் கரையும் பிரிந்து நிற்கும். உடலோடு வேறு நிற முந்தியைச் சேர்க்கும் பேட்னி இதைவிடக் கடினம். பழைய பாவோடு புதிய பாவைச் சேர்த்துக் கொஞ்சம் நெய்துவிட்டு, பழைய இழைகளை வெட்டி எடுக்க வேண்டும்.

பூ வேலைக்காக முன்பெல்லாம் பாவிழைகளைத் தூக்க அடை என்ற கயிறுகளைக் கட்டினார்கள், பிறகு ஜக்கார்டு கருவி வந்து அந்தச் சுமையை எடுத்துக்கொண்டது. கோர்வைக்கு மட்டும் இரண்டாவது ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார். தாத்தாவுக்குக் காய்ச்சல் என்றாலும் தறி நிற்கும், பாட்டிக்குக் காய்ச்சல் என்றாலும் நிற்கும்.

அந்தப் பலகையில் ஒரு காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கு அனுப்பியது முழுக்கச் சரி. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் பிள்ளை எழுந்துபோன இடத்துக்கு யார் வருவார், அவருக்கு யார் கூலி தருவார் என்று ஒழுங்காகக் கேட்கப்படவில்லை. வெளியாளை வைத்தால் தன் கூலியிலிருந்தே பங்கு தர வேண்டியிருக்கிறது. அதனால் கோர்வை இல்லாத கரைக்கும், ஒரு பக்கக் கோர்வைக்கும் பலர் மாறிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. சேலையின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருந்த வேலை மெல்ல நழுவுகிறது என்பதுதான் கவலை.

1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளை விசைத்தறியிடமிருந்து காக்கிறது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் துணியைக் காக்கின்றன; பலகையில் இருப்பவரைக் காக்கவில்லை. நாடு முழுவதும் 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள் என்று தெரிந்தது. நம் தெருக்களில் அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கூலி அட்டையில் இருக்கிறது?

கைத்தறியும் அதில் மறைந்திருக்கும் கைகளும் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் ஆப்பிரிக்காவைச் சொல்கிறேன். எத்தியோப்பியாவில் இன்றும் நம்மைப் போலவே குழியில் கால் விட்டு நெய்கிறார்கள். கானாவில் கெண்டே துணியை நான்கு விரற்கடை அகலப் பட்டைகளாக நெய்து, பட்டைகளைச் சேர்த்துத் தைப்பார்கள்; 2024-இல் யுனெஸ்கோ அதை மரபுச் செல்வமாக ஏற்றது. நம் கடற்கரையிலிருந்து போன மெட்ராஸ் கைக்குட்டையை நைஜீரியாவின் கலபாரி மக்கள் இஞ்சிரி என்று அழைத்தார்கள். அவர்களுடைய பெண்கள் அதில் இழைகளைத் தேர்ந்து அறுத்தெடுத்து, நாம் நெய்யாத ஒரு கோலத்தை அதிலேயே உண்டாக்கினார்கள். இங்கே நெய்தவருக்கும் அங்கே அறுத்தவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. துணியைப் பார்த்தால் இரண்டு கைகளும் தெரியும்.

நான் கேட்பது சிறியது. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ, கோர்வைச் சேலைக்குக் கூலி எழுதும்போது இரண்டு வரி எழுதட்டும், இரண்டு பெயர், இரண்டு தொகை. இளம்பெண் ஒருத்தி அந்தப் பலகைக்கு வர வேண்டும் என்றால், அது அவளுடைய வேலை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தாத்தா போன பிறகு தறியைப் பிரித்துக் குழியை மூடி சிமென்ட் பூசினோம். பாட்டி கடைசி வரை அந்த இடத்தின் வலப்பக்கமாகவே பாய் விரித்துப் படுத்தார்.