பசிதான், நடுவர் அவர்களே!



“பேய்க்கும் சாமிக்கும் விருந்து வைக்கும் கதைகளில் விஞ்சி நிற்பது சிரிப்பா, பசியா?” என்பது தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ‘சிரிப்பே’ என்று சொல்லி ‘மாயாபஜார்’ படத்தைக் காட்டினார். 1957-இல் வந்த படம். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று அடுக்கி வைத்த கல்யாணச் சாப்பாட்டை, எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து ஒற்றை ஆளாய்க் காலி பண்ணுவார். சிரிச்சோம், இல்லேங்கலை. ஆனா டூரிங் கொட்டகை மணல்லே உட்கார்ந்து அதைப் பார்த்தவன் வீட்டிலே அன்னைக்கு என்ன? கம்மங்கூழு! நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். லட்டு போனது ராட்சசன் வாய்க்குள்ளே. எச்சில் ஊறினது நம்ம வாயிலே! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, பட்டணத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய கதை, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னைக்கு வந்த கடவுள் பிள்ளையிடம் வழி கேட்கிறார். பிள்ளை என்ன செய்தார்? தேவாரம் பாடினாரா? காப்பி ஹோட்டலுக்கு அல்லவா கூட்டிக்கொண்டு போனார்! அந்தக் காப்பியிலே சிக்கரி கலந்தது ஹோட்டல்காரன் திருவிளையாடல். (சிரிப்பு) எதிரணி இத்தோட புத்தகத்தை மூடிடும். மேலே படிங்கய்யா! அதே கடவுள் பிழைப்புக்காகத் தேவியோடு ஒரு பெரிய மனுஷர் முன்னாலே ஆடிக் காட்டுகிறார். ஆட்டம் எடுபடவில்லை. தாண்டவமூர்த்திக்கே பட்டணத்திலே கூலி இல்லை என்றால், மழை பொய்த்து, பருத்தி கருகி, இங்கேயிருந்து பஸ் ஏறிப் போனவன் கதி என்ன? எழுதியவரே 1948-இல், 42 வயசிலே, காச நோயிலே போய்ச் சேர்ந்தார்.

நம்ம பக்கத்துக்கு வாங்க. சுடலைமாடன் கொடையிலே நடுச்சாமத்திலே சாமியாடி திரளைச் சோற்றை வானத்தைப் பார்த்து எறிவார். அது கீழே விழாது என்பது நம்பிக்கை. ராத்திரியிலே கறிக்குழம்பு கொண்டு போனால் தூக்குவாளி மேலே கரித்துண்டும் இரும்பும் வைக்கணும் என்பார்கள். ஏன்? வழியிலே பேய் பசியோடு நிற்குமாம். இந்த ஊரிலே செத்தவனுக்கும் பசி தீரலை என்று அல்லவா நம்பியிருக்கிறார்கள்!

நடுவர் மணியைக் கையிலே எடுத்துட்டார். ஒரே ஒரு சம்பவம் ஐயா.

எங்க தாத்தா காலமெல்லாம் கம்பும் சோளமும் தின்னவர். அவர் இறந்த நாளிலே ஆச்சி கடன் வாங்கியாவது நெல்லுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துப் படைப்பாள். கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைப்பாள். நாங்க பிள்ளைகள் வெளியே மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிற்போம். “ஆச்சி, தாத்தா சாப்பிட்டாரா?” என்று கேட்டேன். “சாப்பிட்டாருலே. உப்புப் பத்தலைன்னுட்டுப் போறாரு” என்றாள், சிரிச்சுக்கிட்டே. கண்ணு ரெண்டும் நனைஞ்சிருந்தது. அந்த இலையை அப்படியே எங்க பக்கம் நகர்த்திவிட்டு, அவள் கூழுச்சட்டிப் பக்கம் போயிட்டாள்.

நான் தின்னு பார்த்தேன் ஐயா. உப்பு சரியாத்தான் இருந்தது.

(கைதட்டல்)