கோட்டை வரைந்தது யார்?

 

மருத்துவத் தரவைப் படமாக்கும் கருவிகளைப் பற்றிப் பேசத் தாம்பரம் பொருத்தமான ஊர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் இங்கே காசநோய்ச் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. காசத்துக்கு மருந்தில்லாத காலம் அது. நோயாளி எழுந்து நடக்கலாமா, படுத்தே இருக்க வேண்டுமா என்பதை அக்காலச் சானடோரியங்களில் காய்ச்சல் அட்டையின் ஏற்ற இறக்கம் பார்த்தே சொன்னார்கள்.

பிரசவ அறைக்கு வருவோம். 1972-இல் ஃபில்பாட், காஸில் என்ற மருத்துவர்கள், இன்றைய ஜிம்பாப்வேயில், பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் பார்ட்டோகிராம் என்ற வரைபடத்தில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். கருப்பை வாய் விரிவது தாமதித்து எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நான்கு மணி நேரம் தள்ளியுள்ள செயல் கோட்டைத் தொட்டால் தலையிட வேண்டும். டாக்டர் அருகில் இல்லாத மருத்துவச்சிக்கு அது பெரிய துணை. ஆனால் எச்சரிக்கைக் கோடு அடிப்படையாகக் கொண்ட, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியும் என்ற வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி அந்தக் கோடுகளைக் கைவிட்டது.

மீண்டும் காசநோய்க்கு வருவோம். நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022-இல் தொடங்கியது. உயரமும் எடையும், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா: நோயாளியிடம் இவ்வளவுதான் பார்க்கிறார்கள். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா, மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, நிற்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் ஆள் தீவிர நிலையில் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டி உள்நோயாளியாகச் சேர்க்க வழி செய்ய வேண்டும். லேப் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கான செயலியில் 2025-இல் இறப்புக்கான வாய்ப்பைக் கணித்துக் காட்டும் வசதியும் சேர்ந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். திரையில் எத்தனை நிறம், எத்தனை வளைவு இருந்தாலும், 'இதைத் தாண்டினால் இதைச் செய்' என்ற கோடு இல்லாத படம் வார்டில் வெறும் அலங்காரம். கோடு இருந்தாலும், யாருடைய உடல்களை அளந்து அதைப் போட்டார்கள் என்று கேட்காமல் நம்பினால் ஆபத்து.

ஆகவே இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவர்களிடம் மூன்று கேள்விகள். உங்கள் கருவி எந்த முடிவுக்காக? இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியர் அதை ஒரே பார்வையில் படிக்க முடியுமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணும் அதைப் படிக்க முடிய வேண்டும். உங்கள் எல்லைக் கோடு குரோம்பேட்டை, தாம்பரம் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் நம் மக்களிடம் சரிபார்க்கப்பட்டதா?

மூன்றாவதற்கு விடை இல்லையென்றால், அதைக் கண்டுபிடிப்பதே உங்கள் அடுத்த ஆய்வாகட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.