இரவல் தர இயலாத மூச்சு

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லியில் எங்கள் இல்லத்தில் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை மீண்டும் பார்த்தோம். கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை, ஏ. பி. நாகராஜன் அவர்கள் 1968ஆம் ஆண்டில் படமாக அளித்தார். கும்பகோணத்தில் சிறுவனாக இருந்தபோது பாட்டனாரின் அருகில் அமர்ந்து நான் பார்த்த படம் அது. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இத்தகைய படங்கள் ஊருக்குப் போய்வந்த நிறைவைத் தருகின்றன அல்லவா? அந்த நிறைவை நாடியே அன்று அமர்ந்தேன். கிடைத்ததோ வேறொன்று.

நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் போட்டி நடக்கும் காட்சி. சிவாஜி கணேசன் அவர்களின் கன்னங்கள் உப்புகின்றன. நாதம் அறுபடாமல் பெருகுகிறது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், “அவருக்கு மூச்சே வாங்கவில்லையே, அப்பா!” என்று வியந்தாள். “அது பல்லாண்டுச் சாதகம், அம்மா” என்றேன். “உங்களுக்கு மூன்று மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறதே” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னாள். ஆயினும் அதன்பின் படத்தில் என் மனம் செல்லவில்லை.

ஓராண்டுக்கு முன்பே மருத்துவர் என் இரத்த அழுத்தத்தை அளந்து, 150க்கு 96 என்று குறித்திருந்தார். 140க்கு 90ஐ எட்டினாலே அது மிகை. மாத்திரை எழுதித் தந்ததோடு, நாள்தோறும் நடக்கவும் உப்பைக் குறைக்கவும் சொன்னார். மாத்திரையை நினைத்தபோது உட்கொண்டேன். சீட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். கோப்பு ஒன்றை முடித்துவிட்ட நிம்மதி!

அன்றிரவு ஓர் எண்ணம் என்னை உறுத்தியது. அப்படத்தில் நாம் கேட்பது மதுரை எம். பி. என். சேதுராமன், எம். பி. என். பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. மூச்சு அவர்களுடையது, முகம் சிவாஜி கணேசன் அவர்களுடையது. இரண்டும் பிரித்தறிய இயலாதபடி பொருந்தின. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இது புதிதன்று. பிறர் கருத்துக்கு என் சொல்லை இரவல் தருவதே என் தொழில். ஆனால் மாடிப்படியில் எனக்காக மற்றொருவர் மூச்சுவிட இயலுமா?

மறுநாளே நடக்கத் தொடங்கினேன். வாரத்துக்கு 150 நிமிடமேனும் சற்று விரைந்த நடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நேராகிவிடும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் இயலவில்லை. நாதஸ்வரத்தைக் கையில் எடுத்த அன்றே தோடியை வாசித்தவர் உண்டா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். குளிர்காலத்தில் தில்லியின் காற்று மாசு மிகும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

உப்பைக் குறைப்பதுதான் கடினமாயிற்று. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது அதே நிறுவனம். ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயுமோ உப்பின் உறைவிடங்கள்! அம்மா கைப்பட அனுப்பியவற்றை விலக்க மனம் வரவில்லை. ஆகவே அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒதுக்கினேன்.

ஆறு திங்கள் கழிந்தன. மாத்திரையும் தவறவில்லை, நடையும் தவறவில்லை. அண்மையில் மருத்துவர் அளந்தபோது 134க்கு 86 என்று வந்தது. “இதோடு நிறுத்திவிடாதீர்கள்” என்றார். சாதகத்துக்கு ஓய்வு ஏது?

அப்படத்தில், காயமுற்றுத் தேறிய நாயகனை நோக்கி, நாயகி சபை நடுவே ஆடலாலேயே நலம் விசாரிக்கிறாள். நம்மையும் ஊரிலுள்ள பெற்றோர் வாரந்தோறும் தொலைபேசியில் நலம் விசாரிக்கின்றனர். நாமும் தயங்காமல் “நலம்” என்கிறோம். ஓராண்டுக் காலம் நான் என் தாயிடம் சொன்ன அச்சொல் மெய்யன்று. இப்பொழுது சொல்லும்போது என் குரல் தடுமாறுவதில்லை.