கப்பல் தோழமை



கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான எங்கள் நிலத்திற்குக் கடற்கரை என்பதே கிடையாது. கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் நாடு இது. மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. ஆயினும் கடலோடு எங்களுக்கு ஓர் உறவு உண்டு. அம்மலையில் பிறக்கும் கோமுகியின் நீர் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகே வங்கக் கடலை அடைகிறது. அந்த நீரைப் போலவே எங்கள் பக்கத்து இளைஞர் சிலரும் கடலுக்குச் சென்றிருக்கின்றனர். அவர்களுள் இருவரைப் பற்றியும், அவர்களிடம் நான் கற்ற ஒரு பாடத்தைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். ஆயுள் முழுவதும் பிறருக்குப் பாடம் சொன்னவன் நான். இந்தப் பாடத்தை மட்டும் சற்று வெட்கத்துடனே கற்றேன்.

முதலாமவர் கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. இரண்டாமவர் மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு குக்கிராமத்தவர். ஜாகீர் முறை 1976ஆம் ஆண்டு வரை நீடித்த மலை அது. அவர் சிறுவராக இருந்தபோது மேலே பள்ளிக்கூடம் அரிது. புளியும் தேனும் வாங்க வந்த ஒரு வியாபாரி அவரைக் கீழே அழைத்து வந்து படிக்க வைத்தார். இவ்விருவரும் ஒரே ஆண்டில் கடற்படையிற் சேர்ந்து, ஒரே கப்பலில், ஒரே கொதிகலன் அறையில் பணி செய்தவர்கள். அந்தக் கப்பலின் பெயர் 'விக்ராந்த்'.

விக்ராந்தை அறியாத மாணவர் இரார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கட்டத் தொடங்கப்பெற்று, 1945இல் நீரில் இறக்கப்பட்டு, போர் முடிந்துவிட்டமையால் முற்றுப்பெறாமலே கிடந்த கப்பல் அது. இந்தியா அதனை 1957இல் வாங்கியது. 1961 மார்ச் 4ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில் அது நம் கடற்படையிற் சேர்ந்தது. ஏறத்தாழ 700 அடி நீளம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள். அதன் முதுகின்மீது விமானங்கள் எழும்பும், இறங்கும். நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அதுவே.

1971ஆம் ஆண்டுப் போர் வந்தபோது அக்கப்பல் நல்ல நிலையில் இல்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே கொதிகலன்களில் விரிசல்கள் காணப்பட்டன. மாற்று உறுப்புகள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். அவை வருமுன்னரே போர்மேகம் சூழ்ந்துவிட்டது. நீராவியின் அழுத்தத்தைக் குறைத்து, முழு வேகம் இன்றியே அது கடலுக்குச் சென்றது. தளத்திலிருந்து விமானம் எழ வேண்டுமாயின் கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தோட வேண்டும். அந்த வேகமே குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்கப்பலைத் தேடி அழிக்கவென்று வந்த 'காஸி' என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி, விசாகப்பட்டினத்திற்கு அருகே மூழ்கிப் போயிற்று. விக்ராந்தோ அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. டிசம்பர் 4ஆம் நாள் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. தொடர்ந்து சிட்டகாங்கையும் தாக்கின. தளத்தின்மேல் நின்றவர்கள் விமானங்களைக் கண்டனர். எங்கள் ஊர்க்காரர் இருவரும் கண்டது கொதிகலனின் அழுத்தமானியின் முள்ளை மட்டுமே. "போரை நான் பார்க்கவே இல்லை, சார். முள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்" என்று கச்சிராயபாளையத்துப் பெரியவர் சொல்வார்.

கப்பலில் வேலை முறை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. இருபத்துநான்கு மணி நேரத்தையும் நான்கு நான்கு மணியாகப் பகுத்து, முறை வைத்துக் காவல் நிற்பார்கள். அவ்வாறு செய்தால் ஒருநாளைக்கு ஆறு காவல் வரும். நள்ளிரவுக் காவல் நாள்தோறும் ஒருவர் தலையிலேயே விழும். ஆகவே மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை மட்டும் இரண்டாகப் பிரித்து, காவல்களை ஏழாக்கினர். இதனால் நேரம் நாள்தோறும் ஒருபடி நகர்ந்துகொண்டே போகும். துன்பமும் தூக்கமும் எல்லார்க்கும் சமமாகக் கிடைக்கும். எளிய கணக்குத்தான். ஆனால் அதனுள் எவ்வளவு நீதி அடங்கியிருக்கிறது!

காவலுக்கு மற்றுமொரு விதி உண்டு. நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக எவரும் இடத்தை விட்டு அகலக் கூடாது. அடுத்தவர் வந்து, நிலைமையைக் கேட்டறிந்து, "நான் ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்ன பிறகே முதலாமவர் நகரலாம். ஒருமுறை கச்சிராயபாளையத்தாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மலையூர் நண்பர் தம் காவலை முடித்துவிட்டு, அவருடைய காவலையும் சேர்த்து, அந்த வெப்பத்தில் எட்டு மணி நேரம் தொடர்ந்து நின்றார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், "அந்த நான்கு மணி நேரத்தை இன்னும் நான் அவனுக்குத் திருப்பித் தரவில்லை" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விக்ராந்த் 1997 ஜனவரி 31இல் பணியினின்றும் ஓய்வு பெற்றது. பல்லாண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் விற்கப்பட்டு உடைக்கப்பட்டது. பஜாஜ் நிறுவனம் அதன் உலோகத்திற் சிறிது வாங்கித் தன் மோட்டார் சைக்கிள் ஒன்றிற் சேர்த்தது. அத்தகைய வண்டி ஒன்று கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நிற்கக் கண்டால், பெரியவர் அதைத் தொட்டுப் பார்க்காமல் போகமாட்டார். 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கொச்சியில் அதே பெயரில் புதிய கப்பல் பணியிற் சேர்ந்தது. அஃது அவருக்குப் பெருமையே. ஆனால் அவர் வியர்வை சிந்திய தளம் இன்று இல்லை. எஞ்சியிருப்பவர்கள் அந்தத் தோழர்களே.

ஆகவேதான் அவர் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதில் முப்பத்தொரு பெயர்களும் முகவரிகளும் இருந்தன. வீடு மாறினால் முகவரியை அடித்துப் புதியதை எழுதுவார். ஆள் மறைந்தால் பெயரை அடிக்கமாட்டார், அதன்மேல் தேதியை மட்டும் எழுதுவார். தேதி எழுதப்படாத பெயர்கள் இப்பொழுது பதினொன்று.

இத்தகைய பற்று எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. 'விராட்' என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 முதல் 'ஹெர்மிஸ்' என்ற பெயரோடு பிரிட்டனுக்கு உழைத்து, 1982இல் பாக்லாந்துப் போரைக் கண்டு, 1987இல் நம் கடற்படைக்கு வந்த கப்பல் அது. 2017 மார்ச் 6ஆம் நாள் கதிரவன் மறையும் வேளையில் மும்பையில் அதன் கொடி இறக்கப்பட்டது. அந்நேரம் அதன் பழைய தலைவர்களும் மாலுமிகளும் வந்து சூழ்ந்து நின்றனர். ஹெர்மிஸில் பணியாற்றிய ஆங்கிலேய மாலுமிகளும் கடல் கடந்து வந்திருந்தனர். கொடி வேறு, மொழி வேறு. ஆனால் நின்ற தளம் ஒன்று. அந்த உறவே அவர்களை அங்கே அழைத்து வந்தது.

நிற்க. இனி என் பிழைக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு, எஞ்சிய பதினொருவரும் ஒருமுறை கூடுவது என்று பெரியவர் முடிவு செய்தார். டிசம்பர் 4ஆம் நாள் கடற்படை நாள்; அன்று விசாகப்பட்டினத்தில் சந்திக்கலாமா என்பது அவர் எண்ணம். மற்றவர்களுக்குக் கைபேசியிற் பேசிவிட்டார். மலையூர் நண்பரின் ஊருக்கு மட்டும் கைபேசி அலை எட்டுவதில்லை. திங்கள்தோறும் ஒருமுறை மலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர நான் மேலே போவது வழக்கம். ஆகவே கடிதத்தை என்னிடம் தந்து, "கையிலேயே கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். "நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே" என்று வாங்கிக் கணக்குப் புத்தகத்துள் வைத்தேன்.

அடுத்த திங்கள் உறவினர் வீட்டுத் திருமணம்; மலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த திங்கள் போனேன். ஆனால் வேறு புத்தகத்தை எடுத்துச் சென்றேன். கடிதம் என் அலமாரியில் உறங்கிற்று. மூன்றாம் முறை அதனை எடுத்துக்கொண்டு, பேருந்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து நடந்து அவர் வீட்டை அடைந்தபோது, அவர் திண்ணையிற் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்தார். விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, "எனக்குத் தெரியும் சார். பஸ் கண்டக்டர் சொன்னார். பழைய ஆட்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். இரண்டு மாதமாகிறது, எனக்கு ஒரு சொல் வரவில்லை. கொதிகலன் முன்னால் எல்லாருக்கும் ஒரே வியர்வைதான். கரையேறிய பிறகு மலைக்காரன் மலைக்காரன்தான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்" என்றார்.

அவர் சினந்து பேசவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பேசியபடியே கடுக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதாண்டுக் கால நட்பை என் இரண்டு மாத அசட்டை எங்கே கொண்டு நிறுத்திவிட்டது என்பதை அப்போதே உணர்ந்தேன். கடிதத்தை எடுத்து, மேலே எழுதியிருந்த தேதியைக் காட்டி, "ஐயா, இது உங்கள் நண்பரின் பிழையன்று. அவர் முதல் கடிதமாக உங்களுக்கே எழுதினார். காவலை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு உறங்கியவன் நான்" என்றேன்.

அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியிடம் மூக்குக்கண்ணாடி கேட்டு வாங்கிக் கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு, யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பதினொரு பெயர்களையும் சொன்னேன். கேட்டவர் சொல்லாத பெயர்களைத் தம் விரலில் எண்ணிக்கொண்டார். இறுதியில், "முழங்கால் போய்விட்டது சார். விசாகப்பட்டினம் வரை என்னால் ஆகாது. நான் கேட்டேன் என்று எல்லாருக்கும் எழுதச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலையே கீழிறங்கிக் கச்சிராயபாளையம் சென்று, நடந்ததை ஒளிக்காமற் சொன்னேன். பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எந்த முழங்கால்?" என்று மட்டும் கேட்டார். பின்பு குறிப்பேட்டைத் திறந்தார். "அவனால் கடலுக்கு வர முடியாவிட்டால், நாம் மலைக்குப் போவோம். எழுதுங்கள் சார்" என்றார்.

ஒன்பது பேருக்கும் ஒன்பது கடிதங்கள் எழுதினேன். மறுநாள் காலை முதல் தபாலிலேயே சேர்த்தேன். மார்கழி மழையும் பனியும் மலைப்பாதைக்கு ஆகா. ஆகவே பொங்கல் கழிந்து, தை மாதத்தில், வெள்ளிமலையில் கூடுவதென்று முடிவாயிற்று. மறுமொழிகள் வந்துகொண்டிருக்கின்றன. கேரளத்து நண்பர் மகனுடன் வருவதாக எழுதியிருக்கிறார். ஆந்திரத்து நண்பர் ஒருவரால் வர இயலாது. பதிலாக 1971இல் எடுத்த நிழற்படம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். மற்றொரு வீட்டிலிருந்து நண்பரின் மனைவி எழுதினார். அவர் சென்ற வாரம் காலமாகிவிட்டார். அவருக்குப் பதிலாக நான் வரலாமா என்று கேட்டிருந்தார். பெரியவர் குறிப்பேட்டில் அந்தப் பெயரின்மேல் தேதியை எழுதினார். அதன் கீழேயே அந்த அம்மையாரின் பெயரையும் எழுதினார். கடற்படையினர் பெருவிருந்தை 'படாகானா' என்பர். அன்றைய படாகானாவுக்குச் சாமைச் சோறும் மலைத்தேனும் தம் பொறுப்பு என்று மலையூர் நண்பர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் உங்கள் பள்ளியையும் கல்லூரியையும் விட்டுக் கரையேறுவீர்கள். பக்கத்து இருக்கையில் அமர்ந்தவன் எங்கே போனான் என்பது அப்போது உங்களுக்குத் தெரியாமற் போகலாம். நட்பு பகையினால் அழிவதைக் காட்டிலும், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சோம்பலினால் அழிவதே மிகுதி. உங்கள் மௌனத்திற்கு நீங்கள் ஒரு காரணம் வைத்திருப்பீர்கள். எதிரே இருப்பவர் வேறொரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். பிறரால் தாழ்வாக எண்ணப்பட்டுப் பழகியவராயின், அந்தக் காரணம் அவரை மிகவும் புண்படுத்துவதாக இருக்கும்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு பயின்றோர் நாற்பதுபேர். அவர்களுள் ஐவரின் முகவரிகூட இன்று என்னிடம் இல்லை. மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு, நானும் ஒரு குறிப்பேடு வாங்கியிருக்கிறேன். இதுவரை பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்துள்ளன. தேடிக்கொண்டிருக்கிறேன்.